காட்பாடியில் ஏறி சென்னையில் குடியேறியவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டம். அதற்கும் முன்னால் வட ஆற்காடு. அந்தப் பக்கத்திலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ கல்யாணமாகியோ சென்னைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் சத்துவாச்சாரிக்காரன், இப்போது திருவான்மியூர்வாசி. பதில்களில் திருவான்மியூர்ப் பாசம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்? ஊருக்குப் போக வர பூந்தமல்லிதான் வசதி என்கிறார்களே?

நம்ம ஊர் ஆட்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதுதான். வேலூர் பஸ் பூந்தமல்லி வழியாகத்தான் வரும், வாடகையும் குறைவு, சனிக்கிழமை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். எல்லாம் சரி. ஆனால் அங்கிருந்து மெரினா 20 கிலோமீட்டருக்கு மேல். வேலை ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ என்றால் பூந்தமல்லி நியாயம். வேலை பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும்போது, ஊருக்குப் போகும் வசதிக்காகப் பூந்தமல்லியில் வீடு பிடித்து தினமும் போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. வாரத்தில் ஒரு நாள் பயணத்துக்காக மீதி ஆறு நாளை விற்கிற கணக்கு அது.

அந்தச் சாலையில் வேலை என்றால் திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம் பாருங்கள். வாடகை அதிகம்தான், ஆனால் கடலுக்கு நடந்தே போகலாம். கட்டுப்படியாகாது என்றால் பறக்கும் ரயில் பாதையை ஒட்டித் தேடுங்கள். தரமணியிலோ பெருங்குடியிலோ இருந்தால் திருவான்மியூர் நிலையம் ஒன்றிரண்டு நிறுத்தம்தான், மயிலாப்பூரும் அதே பாதையில் வந்துவிடும்.

வீடு பார்க்கும்போது எதைக் கேட்பது?

தண்ணீரைக் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்க வேண்டுமா, லாரிப் பணம் யார் தலையில் என்று நாலு கேள்வி. வீட்டுக்காரர் “நல்ல தண்ணிதான் சார்” என்பார். நீங்கள் பேசாமல் துணி துவைக்கும் இடத்துக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் சொரசொரவென்று இருந்தால் விஷயம் விளங்கிவிடும். கடலோர வீடுகளில் ஜன்னல் கம்பியையும் ஒரு பார்வை பாருங்கள். பெயின்ட் உப்பிக்கொண்டு உள்ளே துரு தெரிந்தால் உங்கள் வண்டிச் செயினுக்கும் அதே கதிதான்.

அடுத்து, வெள்ளம். “2015 டிசம்பரில் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர்? 2023 மிக்ஜாம் புயலில்?” இந்தக் கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிரே இஸ்திரி போடுகிறவரிடம் கேட்பது நல்லது. வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்கள் என்றால் தரைத்தளம் வேண்டாம்.

அட்வான்ஸ் முன்பு பத்து மாத வாடகை வாங்குவார்கள், இப்போதும் கேட்பவர்கள் உண்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைதான் வரம்பு. அதைச் சொல்லிப் பேரம் பேசலாம். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் என்று பயமுறுத்துகிறார்களே?

பாலாற்று மணலையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது என்ன புதுசு? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது தண்ணீர் நம்ம பக்கத்திலிருந்துதான் போனது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நம் வீட்டுக் குழாய்க்கு வர வேண்டிய காவிரித் தண்ணீர் என்று ஊரில் அப்போது முணுமுணுப்பும் இருந்தது. ஆக, சென்னைவாசிகள் நமக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள். மற்றபடி மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன, பருவமழை ஓரளவு பெய்த வருடங்களில் பிரச்சினை இல்லை. வீட்டில் இரண்டு குடம் எப்போதும் நிரப்பி வைக்கிற நம்ம ஊர்ப் பழக்கத்தை விட வேண்டாம்.

வேலூர் வெயிலைப் பார்த்தவனுக்குச் சென்னை வெயில் ஒரு பொருட்டா?

பொருட்டுதான். அது வேறு வெயில். நம்ம ஊரில் வெயில் சுடும், வேர்வை உடனே காய்ந்துவிடும். இங்கே தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரி குறைவாக இருந்தாலும் சட்டை முதுகோடு ஒட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை ஆவியாக வழியில்லை. இதே காரணத்தால் ஊரில் அறையையே குளிர வைத்த ஏர் கூலர் இங்கே வெறும் சத்தம் போடும். தண்ணீர் ஆவியானால்தானே காற்று குளிரும்? அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள், ஊரிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். மண்பானையும் இங்கே பாதிதான் வேலை செய்யும். உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொள்ளும், திறந்து வைத்த அப்பளம் ஒரே நாளில் நமுத்துவிடும்.

இதற்கு ஈடாகக் கடல் ஒன்று தருகிறது. முற்பகலில் தரை சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். நல்ல நாளில் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடும். மே, ஜூனில் மேற்குக் காற்று பலமாக வீசினால் தாமதமாகும், அன்றைக்குத்தான் சென்னை கொதிக்கும். அந்த மேற்குக் காற்று நம்ம ஊர் வழியாக வருவதுதான், பழியை நாமே ஏற்க வேண்டும். கிழக்குப் பார்த்த ஜன்னல் உள்ள வீடு கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுத்தாவது பிடித்துவிடுங்கள். மாலை நாலு மணிக்கு அந்த ஜன்னல் திரை உள்பக்கமாக ஊதிக்கொண்டு நிற்கும்.

மழை?

இரண்டு தவணை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாலையில் வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கட்டுகிற இடிமேகம் பல நாட்களில் கிழக்கே நகர்ந்து இரவில் சென்னைக்கு வரும். சாயங்காலம் அம்மா போன் செய்து “இங்க நல்ல மழைடா” என்றால், மாடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள். வானிலை அறிக்கையைவிட எனக்கு அம்மாவின் போன் மேல் நம்பிக்கை அதிகம். பெரிய தவணை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை. சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி அப்போதுதான். புயல் அறிவிப்பு வந்தால் மெழுகுவர்த்தி, பிஸ்கட், குடிநீர் மூன்றையும் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். அன்றைக்கே போனால் கடையில் ரொட்டி இருக்காது.

எந்தக் கடற்கரைக்கு, எப்போது போவது?

ஞாயிறு மாலை மெரினாவுக்குப் போய்விட்டு, “ஒரே கூட்டம், குப்பை” என்று திரும்புகிறவர்கள் அதிகம். அது ஒரு தேர்த் திருவிழா என்று நினைத்துக்கொண்டு போனால் நன்றாகவே இருக்கும்: பலூன் சுடுவது, குதிரைச் சவாரி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய்த் தூள் தடவிய மாங்காய். ஆனால் கடலை அனுபவிக்க வேண்டுமென்றால் வார நாளில் போங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு மணலில் கால் வைத்தால், சூரியன் கடலுக்குள்ளிருந்து எழுவதைப் பார்த்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து காபி குடிக்கலாம். மலை மறைத்த சூரியனைப் பார்த்தே பழகிய நமக்கு அது அலுக்கவே அலுக்காது.

இன்னொன்று, பௌர்ணமி. நம்ம ஊர்க்காரர்கள் அன்றைக்குத் திருவண்ணாமலை கிரிவலத்துக்குக் கிளம்பிவிடுவதால் பலருக்கு இது தெரியாது. சூரியன் நகரத்துக்குப் பின்னால் விழுகிற அதே நேரத்தில், எதிரே கடல் விளிம்பில் நிலா எழும்பும். முதலில் மங்கலான சிவப்பில் ஒரு கீற்று, பத்து நிமிடத்தில் முழுத் தட்டு, அப்புறம் தண்ணீரில் வெள்ளிப் பாதை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலோ திருவான்மியூரிலோ அன்று மாலை ஆறு மணிக்கு இருங்கள். மறுநாள் போனால் முக்கால் மணி நேரம் போலத் தாமதமாக வரும்.

பெசன்ட் நகர் மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கும். அது 1930இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1988 முதல் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறது, பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள். நள்ளிரவில் ஆரம்பித்து விடியும் வரை மணலில் நடை. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

கடலில் குளிக்கலாமா? எனக்கு நீச்சல் நன்றாக வரும்.

கிணற்றில் குதித்துக் கற்ற நீச்சல்தானே? வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் நிற்கும், கடல் இழுக்கும். மெரினாவில் கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடுகிறது, அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து உருவிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு வருடமும் உயிர்கள் போகின்றன. அங்கே குளிக்கத் தடையும் இருக்கிறது, போலீஸ் விசிலடிப்பார்கள். முழங்காலுக்குக் கீழே நனைத்தால் போதும்.

மீன் வாங்கத் தெரியாது. ஏரி மீன் மட்டும்தான் வீட்டில் பழக்கம்.

கெண்டை, விரால், ஜிலேபி என்று வளர்ந்தவர்கள் முதல் நாளே வஞ்சிரத்தின் மேல் பாய்ந்து, விலையைக் கேட்டு மிரண்டு, கோழிக்கறிக்குத் திரும்பிவிடுவார்கள். வஞ்சிரத்தை மறந்துவிடுங்கள். நெத்திலி, சங்கரா, காணாங்கெளுத்தி, மத்தி இந்த நாலில் ஆரம்பியுங்கள். நெத்திலி வறுவலுக்கு, சங்கரா குழம்புக்கு. கை பழகியதும் சுறா வாங்கிப் புட்டு செய்யலாம்.

காசிமேட்டில் ஞாயிறு விடிகாலைக் கூட்டமும் ஏலச் சத்தமும் ஒரு முறை பார்க்க வேண்டியவை, வாரா வாரம் போக வேண்டியவை அல்ல. எனக்குப் பிடித்தது பட்டினப்பாக்கம் பக்கம், லூப் ரோட்டில் உள்ள நொச்சிக்குப்பம் மீன் அங்காடி. 2024இல் திறந்தார்கள். பக்கத்துக் குப்பத்துப் படகுகளின் மீன் அங்கே வரும். விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். “அக்கா” என்று கூப்பிட்டுச் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் நேற்றையது. கண் வெளியே துருத்திக்கொண்டு பளபளக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை உடனே மேலே எழும்ப வேண்டும். சின்ன மீன்களைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள், பேரம் அந்தக் கூறுக்குத்தான். மீன் நறுக்கித் தருகிறவர்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குத் தனிக் கூலி. “குழம்புக்கா, வறுவலுக்கா” என்று கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பின்னால் நிற்கிற மாமி பதில் சொல்லிவிடுவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது பெரிய மீன் விலை ஏறும், கரையோரம் போகிற சின்னப் படகுகளின் மீன்தான் கிடைக்கும். அந்த இரண்டு மாதமும் கருவாட்டுக் காலம். ஊரிலிருந்து முள்ளு கத்திரிக்காய் கொண்டு வந்து நெத்திலிக் கருவாட்டோடு குழம்பு வைத்துப் பாருங்கள். அணைக்கட்டு பக்கம் விளைகிற, புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கத்திரிக்காய்க்கு ஈடாக இந்த ஊரில் ஒன்றும் இல்லை.

நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும்?

ஆம்பூரில்.

சரி, கோபிக்காதீர்கள். ஆம்பூர் பெயர்ப் பலகையுள்ள கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, சிலவற்றில் சீரகச் சம்பாவும் எண்ணெய்க் கத்திரிக்காயும் சுமாராகவே வரும். ஆனால் ஊர்ச் சாப்பாட்டை இங்கே தேடி அலைவதைவிட இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பிடித்துக்கொள்வது லாபம். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கத் தெருக்களில் சாயங்காலம் அத்தோ விற்பார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டு வந்தது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த் தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். சைதாப்பேட்டை வடகறியையும் விட்டுவிடாதீர்கள். நான் சொல்வது சென்னைச் சைதாப்பேட்டை. வேலூரிலும் ஒரு சைதாப்பேட்டை இருப்பதால் பார்சல் அனுப்புகிறவர்களிடம் பின்கோடைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலூர் கன்டோன்மென்டிலிருந்து வரும் ரயிலில் கடைசி நிலையம் ‘கடற்கரை’ என்கிறார்கள். இறங்கினால் கடல் தெரியுமா?

தெரியாது. தெரிவது துறைமுக மதில். 2024இல் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்ட அந்த ரயிலில் சின்னப் பிள்ளைகளைக் கடல் காட்டுகிறேன் என்று கூட்டி வந்து அழ வைக்காதீர்கள். ஒரு காலத்தில் அலை நிலையத்துக்கு முன்னால் போகிற சாலை வரைக்கும் வந்தது. துறைமுகம் கட்டியபின் கரையோரமாக வடக்கே நகர்கிற மணல் அதன் தென்பக்கத்தில் தேங்கி மெரினா அகலமானது. வடபக்கத்தில் மணல் வராமல் ராயபுரம் கரை அரித்தது, அங்கே பாறாங்கல் கொட்டியிருப்பது அதனால்தான். கடல் பார்க்க வேண்டுமானால் பறக்கும் ரயிலில் மாறி கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடங்கள்.

ஒரு வருடம் ஆகிறது, இன்னும் ஊர் ஒட்டவில்லை. ஏன்?

வாரா வாரம் ஊருக்குப் போகிறீர்களா? அப்படியென்றால் அதுதான் காரணம். மதுரைக்காரருக்கும் நெல்லைக்காரருக்கும் வேறு வழியில்லை, சனி ஞாயிறு இங்கேதான். அவர்கள் ஆறு மாதத்தில் இந்த ஊரில் ஆட்களைப் பிடித்துவிடுகிறார்கள். நமக்குக் காட்பாடி இரண்டு மணி நேரம். துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஐந்து வருடம் கழித்தும் சென்னை ஒரு ஹாஸ்டலாகவே இருக்கிறது, தெரிந்த ஒரே இடம் சென்ட்ரல். கிட்டத்தில் இருப்பதுதான் நம் பிரச்சினை.

மாதம் இரண்டு முறை போங்கள், போதும். மீதி சனி ஞாயிறுகளை இங்கே செலவழியுங்கள். செய்ய என்ன இருக்கிறது என்றால்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், டிசம்பரில் மார்கழிக் கச்சேரிகள் (மதியக் கச்சேரி பல சபாக்களில் இலவசம், கேன்டீனுக்காகவே போகிறவர்கள் பலர்), பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர், ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம். ஆனால் இவையெல்லாம் விசேஷங்கள். ஊர் ஒட்டுவது ஒரே டீக்கடைக்கு ஒரே நேரத்தில் போவதில். மாஸ்டர் நீங்கள் கேட்காமலே சர்க்கரை கம்மியாகப் போட்ட அன்றைக்கு விசாரணை முடிந்தது, நீங்கள் உள்ளூர்.

பேச்சை வைத்துக் கிண்டல் செய்வார்களா?

யார்? “இன்னா, எங்க போய்க்கினு கீற?” என்று நாமும் கேட்கிறோம், அவர்களும் கேட்கிறார்கள்.

அப்பா அம்மா வந்தால் எங்கே கூட்டிப் போவது?

மாலுக்கு வேண்டாம். காலையில் கடற்கரை. மணலில் நடக்க முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் அலைக்கு அருகே வரை மெரினாவில் 2022இல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கபாலீசுவரர் கோயில், மாட வீதியில் காபி.

ஒரு நாள் முழுதாகக் கிடைத்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 70 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, கல்பாக்கம் தாண்டி வயலூருக்குப் போங்கள். நம்ம பாலாறு கடலில் சேரும் இடம் அதுதான். என் அப்பா ஆயுசு முழுக்க அந்த ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போனவர், அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்ததில்லை. வருடத்தின் பெரும்பகுதி மணல் திட்டு வாயை அடைத்துக்கொண்டிருக்கும். 2021 நவம்பரில் வந்தது போல வெள்ளம் வந்தால்தான் உடைத்துக்கொண்டு போகும். அப்பா பாலத்து ஓரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, “இங்கயும் மணல்தானா” என்றார்.

ரேஷன் அட்டை, காஸ், ஆதார் முகவரி?

வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் மூன்றும் ஆன்லைனில் நடக்கும். முதல் மாதமே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் மூன்று வருடம் ஆகும்.

காணும் பொங்கலுக்கு மெரினாவா, ஊரா?

அன்றைக்கு மட்டும் யோசிக்காமல் ஊருக்குப் போங்கள். மெரினாவில் மணல் தெரியாது, தலைகள்தான் தெரியும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்று காலையிலேயே காட்பாடிக்குப் போட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பஸ் நிலையத்தில் போய்த் திணற வேண்டாம். சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலில் அரக்கோணம் போய், அங்கிருந்து காட்பாடி மெமுவைப் பிடித்தால் ஆகிற நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் உட்கார்ந்து போகலாம். அரக்கோணத்தில் மாறும் முன் மெமு எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.